சிங்கப்பூரில் சேர்வர், புறக்கோட்டையில் பிரின்டர்: பில் அடிக்க ஒரு வழிகாட்டி

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். கொம்பியூட்டர் எனக்குப் படிப்பல்ல, தலையில் வந்து விழுந்த வேலை. கடைக்கும் வத்தளையில் உள்ள களஞ்சியத்துக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டும் என்று முதலாளி சிங்கப்பூரில் ஒரு கிளவுட் சேர்வரை வாடகைக்கு எடுத்தார். கணக்கு மென்பொருள் அங்கே குடிபோனது. திரை வந்தது, சரக்கு இருப்பு வந்தது, பில் மட்டும் வரவில்லை. வெளியே லொறி நிற்கிறது. நாட்டாமைமார் மூட்டைகளை ஏற்றிவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பில் கையில் இல்லாமல் லொறி நகராது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, பில் பிளேனிலயா வருது?"

நான்கு நாள் அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் சேர்வர் விண்டோஸ், ரிமோட் டெஸ்க்டொப் (தூரத்துக் கணினியை இங்கிருந்தே திரையில் இயக்கும் வழி) வழியாக அதற்குள் போகிறீர்கள், பிரின்டர் உங்கள் மேசையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். லேசர் பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி வேலைதான். பில் அடிக்க டொட் மேட்ரிக்ஸ் (ஊசிகளால் ரிப்பனில் தட்டி அடிக்கும் பிரின்டர்) வைத்திருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே. பிழை இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: மேசையில் உள்ள பிரின்டர், நடுவில் உள்ள இணைப்பு, அங்கே உள்ள சேர்வர். மூன்றையும் ஒரே நேரத்தில் நோண்டியதால்தான் எனக்கு நான்கு நாள் போனது. கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு படி சரியாகும்வரை அடுத்த படியில் கை வைக்காதீர்கள்.

1. முதலில் தாளும் பேனாவும்

கணினியைத் தொட முன் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரின்டரின் மொடலும் அதன் டிரைவரின் (கணினியைப் பிரின்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) பெயரும். இரண்டும் ஒன்றல்ல. கடைக் கணினியில் பிரின்டர் பிரொப்பர்ட்டீஸ் திறந்து, அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குப் போனால் டிரைவர் என்ற பெட்டியில் ஒரு பெயர் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு மாறினாலும் ஐந்தாம் படியில் காலை வாரும்.

பிரின்டர் எப்படி இணைந்திருக்கிறது என்பது அடுத்தது. யூஎஸ்பி வயரா, நெட்வேர்க்கா? நெட்வேர்க் என்றால் அதன் ஐபி எண் (நெட்வேர்க்கில் அதன் முகவரி).

தாளின் அளவு. பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். எங்கள் கடையில் பாவிப்பது இரண்டு ஓரத்திலும் துளைப்பட்டை உள்ள தொடர்தாள், அகலம் 9.5 அங்குலம், நீளம் 5.5 அங்குலம். 11 அங்குலத் தாளின் சரிபாதி.

கடைசியாக, சேர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது என்பது. சாதாரணப் பயனராக நுழைந்து நீங்கள் எதையும் மாற்ற முடியாது. 2021 ஆகஸ்ட்டில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பிரின்டர் டிரைவர் போடுவதற்கே பொதுவாக அட்மின் உரிமை வேண்டும். சேர்வர் வாங்கிக் கொடுத்தவரிடம் இந்தக் கடவுச்சொல்லையும், லைசன்ஸ் பத்திரத்தையும், மாத வாடகைப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள். கணக்கு யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எங்களுடையது வந்து பொருத்திய பையனின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் டுபாய்க்குப் போய்விட்டார். கடவுச்சொல்லை மாற்ற ஒரு முழு நாள் வட்ஸ்அப்பில் அவர் விழிக்கும்வரை காத்திருந்தேன்.

2. சேர்வரை மறந்துவிட்டு, கடைக் கணினியிலிருந்து மட்டும் அடியுங்கள்

எப்சன் எல்கியூ-310 போன்ற டொட் மேட்ரிக்ஸ் என்றால், தாள் நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுங்கள். பிரின்டர் தானாகவே எழுத்துவரிசையை அடித்துக் காட்டும். அது சரியாக வந்தால் ரிப்பனும் ஹெட்டும் நலம். அடுத்து விண்டோஸிலிருந்து டெஸ்ட் பேஜ். அதுவும் வந்தால் வயரும் டிரைவரும் நலம்.

இந்த இரண்டில் ஒன்று வராவிட்டால் பிரச்சினை கடைக்குள்தான் இருக்கிறது. சேர்வர் ஆட்களைக் கூப்பிட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம், முதலில் யூஎஸ்பி வயரை மாற்றிப் பாருங்கள்.

இதே நேரத்தில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபோல்ட் பிரின்டர்" என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்திவிட்டு, பில் அடிக்கும் பிரின்டரை நீங்களே டிஃபோல்ட் (வேறு எதையும் சொல்லாவிட்டால் விண்டோஸ் பாவிப்பது) ஆக்குங்கள். நிறுத்தாவிட்டால் கடைசியாக எதில் அடித்தீர்களோ அதையே விண்டோஸ் டிஃபோல்ட் ஆக்கிக்கொள்ளும். காலையில் ஒரு பிடிஎஃப் எடுத்தால், மாலையில் பில் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

3. இணைப்புக் கோப்பில் ஒரு சரி அடையாளம்

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எம், எஸ், டி, எஸ், சி (mstsc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன் திறக்கும். ஷோ ஒப்ஷன்ஸை அழுத்தி, லோக்கல் ரிசோர்சஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே பிரின்டர்ஸ் என்பதற்கு எதிரே சரி அடையாளம் போடுங்கள். மோர் என்பதைத் திறந்து டிரைவ்ஸுக்கும் போட்டுவையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும். பிறகு ஜெனரல் பகுதிக்குத் திரும்பி, சேவ் அழுத்துங்கள்.

இங்கே ஒரு பொறி. பலருடைய டெஸ்க்டொப்பில் பழைய இணைப்பு ஐகன் ஒன்று ஏற்கெனவே இருக்கும். நீங்கள் ஒரு கோப்பில் அடையாளம் போடுவீர்கள், காசாளர் அக்கா பழக்கதோஷத்தில் மற்றதை அழுத்துவார். பழையதை அழித்துவிடுங்கள்.

கைபேசியிலோ டெப்லட்டிலோ உள்ள ரிமோட் டெஸ்க்டொப் செயலியில் இருந்து பில் அடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். திரை பார்க்க அது போதும், அச்சடிக்க அதை நம்ப முடியாது. கடைக் கணினியில் விண்டோஸ் ஹோம் இருந்தால் பரவாயில்லை. உள்ளே நுழைய விடுவதற்குத்தான் புரோ தேவை, வெளியே போய் இன்னொன்றில் நுழைய ஹோமே போதும்.

4. சேர்வரில் ஸ்பூலர் ஓடுகிறதா?

ஸ்பூலர் என்பது அச்சு வேலைகளை வரிசைப்படுத்திப் பிரின்டருக்கு அனுப்பும் விண்டோஸ் சேவை. என் நான்கு நாளில் இரண்டரை நாளை விழுங்கியது இதுதான்.

சேர்வருக்குள் நுழைந்து பிரின்டர்கள் பட்டியலைத் திறந்தால், உங்கள் பிரின்டரின் பெயரும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "ரீடைரக்டட்" (இங்கிருந்து அங்கே திருப்பிவிடப்பட்டது) என்ற சொல்லும் ஒரு எண்ணும் தெரிய வேண்டும். எனக்குப் பட்டியல் வெறுமையாக இருந்தது. கடைக் கணினியில் டிரைவரைக் கழற்றிப் போட்டேன், யூஎஸ்பி துளையை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுப் பார்சலை ஒரு கையில் பிடித்தபடி சேர்வரில் சேர்விசஸ் பட்டியலைச் சும்மா உருட்டிக்கொண்டு போனேன். பிரின்ட் ஸ்பூலர் என்ற வரிக்கு நேரே எதுவும் எழுதியிருக்கவில்லை. ஓடும் சேவை என்றால் ரன்னிங் என்று இருக்கும். இதில் டிசேபிள்ட் என்று இருந்தது.

2021 ஜூலையில் இந்த ஸ்பூலரில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, அச்சு வேலை இல்லாத சேர்வர்களில் அதை நிறுத்தி வைக்கும்படி சொல்லப்பட்டது. அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. யாரோ நல்ல எண்ணத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஸ்பூலர் ஓடாவிட்டால் உங்கள் பிரின்டர் சேர்வரின் கண்ணுக்கே தெரியாது, பிழைச்செய்தி கூட வராது.

அதைத் திறந்து, ஸ்டார்ட்டப் டைப்பை ஒட்டோமேட்டிக் ஆக்கி, ஸ்டார்ட் அழுத்துங்கள். பிறகு சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். விண்டோஸ் அப்டேட்கள் எல்லாம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே இதைத் திறக்க வேண்டும். சேர்வரைப் பராமரிப்பவர் வேறொருவர் என்றால், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் திரும்பவும் நிறுத்துவார், நீங்கள் திரும்பவும் தேடுவீர்கள்.

ஸ்பூலர் ஓடியும் பிரின்டர் வராவிட்டால், சேர்வரின் குரூப் பொலிசியில் (எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்று வைக்கும் அமைப்புகள்) ரிமோட் டெஸ்க்டொப் சேர்விசஸ், அதற்குள் செஷன் ஹோஸ்ட், அதற்குள் பிரின்டர் ரீடைரக்ஷன் என்று போய், "டு நொட் அலவ் கிளையன்ட் பிரின்டர் ரீடைரக்ஷன்" என்பது எனேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். பெயரிலேயே "வேண்டாம்" என்று இருப்பதால், அது எனேபிள் என்றால் உங்களுக்குத் தடை. இந்தத் தலைகீழ்ச் சொல்லாடலில் நானும் ஒருமுறை விழுந்தேன்.

இன்னொன்று: சோதிப்பதைக் காசாளரின் பயனர் பெயரில் சோதியுங்கள். அட்மினாக உள்ளே போனால் எல்லாருடைய பிரின்டர்களும் பட்டியலில் தெரியும். அட்மினாக இருந்து பார்த்தேன், ஒரே மாதிரிப் பெயர் இரண்டு இருந்தது, ஒன்றைத் தெரிந்து அடித்தேன். வத்தளைக் களஞ்சியத்திலிருந்து கோல் வந்தது: "இங்க ஒரு பில் வந்திருக்கு, சாமான் எங்க?"

5. டிரைவர்: பில் வருகிறது, ஆனால் ஊர்ந்து வருகிறது

இப்போது ஏதோ ஒன்று அச்சாகும். லேசர் பிரின்டர்காரர்கள் இந்தப் படியையும் அடுத்ததையும் தாண்டி ஏழுக்குப் போகலாம்.

சேர்வர் முன்னிருப்பாக ஈசி பிரின்ட் என்ற பொது டிரைவரைப் பாவிக்கிறது. எந்தப் பிரின்டருக்கும் சரிவரும், சேர்வரில் எதையும் போட வேண்டியதில்லை, அது நல்லதுதான். ஆனால் அது பக்கத்தை எழுத்துகளாக அனுப்புவதில்லை. ஒரு படம் போல அனுப்புகிறது. டொட் மேட்ரிக்ஸ் அந்தப் படத்தைப் புள்ளிபுள்ளியாக, ஹெட் போயும் வந்தும் வரைகிறது. எழுத்து மங்கலாக இருக்கும். மூன்று பிரதித் தாளில் கடைசிப் பிரதியில் சரியாகப் பதியாமல் போகலாம்.

சரி, என்ன செய்வது? முதலாம் படியில் படம் எடுத்த பெயர் இப்போது வேண்டும். அதே பெயருள்ள டிரைவரை சேர்வரிலும் போடுங்கள். கடைக் கணினியில் ஒரு பெயரும் சேர்வரில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. சேர்வர் 64 பிட் என்பதால் 64 பிட் டிரைவர்தான் போக வேண்டும். உங்கள் மொடலின் டிரைவர் சேர்வருக்குக் கிடைக்காவிட்டால், இரண்டு பக்கமும் கிடைக்கும் பொதுவான ஒரு டிரைவரை இரண்டிலும் போடுங்கள்.

அது மட்டும் போதாது. அதே பிரின்டர் ரீடைரக்ஷன் பொலிசியில் "யூஸ் ரிமோட் டெஸ்க்டொப் ஈசி பிரின்ட் பிரின்டர் டிரைவர் ஃபர்ஸ்ட்" என்பதை டிசேபிள் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், ஈசி பிரின்ட் அழிந்துவிடாது. பொருத்தமான டிரைவர் கிடைக்காத பிரின்டர்களுக்கு அது தொடர்ந்து உதவும். சைன் அவுட், சைன் இன். பிறகு ரீடைரக்டட் பிரின்டரின் பிரொப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பகுதியைப் பாருங்கள். டிரைவர் பெட்டியில் ஈசி பிரின்ட் என்று இல்லாமல் உங்கள் பிரின்டரின் பெயர் இருந்தால் வென்றுவிட்டீர்கள்.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் பில் வடிவமைப்பில் ஏரியல், டைம்ஸ் போன்ற எழுத்துருக்களை விட்டுவிட்டு, பிரின்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்துருவைத் தெரியுங்கள். அப்போது எழுத்து எழுத்தாகவே போகும், பில் சடசடவென்று வந்து விழும். சிலர் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவரைப் போடச் சொல்வார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் நம் கடைகளுக்கு ஒரு தொல்லை உண்டு. வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ பதிந்திருந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துருவுக்கும் அதே கதைதான். பில்லில் தமிழ் வேண்டுமென்றால் அந்த வரிகளையாவது விண்டோஸ் எழுத்துருவில் விடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

6. தாளின் அளவு

முதல் பில் அழகாக வந்தது. இரண்டாவது பில் தாளின் நடுவில் தொடங்கியது. மூன்றாவதில் மொத்தத் தொகை துளைக்கோட்டின் மேலே விழுந்து, கிழித்தபோது இரண்டு துண்டானது. சேர்வர் இதை ஏ4 என்றோ 11 அங்குலம் என்றோ நினைத்துக்கொண்டு தாளைத் தள்ளுகிறது.

மருந்து இது. பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் பிரின்ட் சேர்வர் பிரொப்பர்ட்டீஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஃபோர்ம்ஸ் பகுதி. "கிரியேட் எ நியூ ஃபோர்ம்" என்பதற்கு அடையாளமிட்டு, ஒரு பெயர் கொடுத்து, அகலம் 9.5, உயரம் 5.5 என்று போட்டு, ஓரங்களைப் பூச்சியமாக்கிச் சேமியுங்கள். அலகு அங்குலமா சென்ரிமீற்றரா என்று பார்த்துப் போடுங்கள். நான் அங்குல எண்ணைச் சென்ரிமீற்றர் பெட்டியில் போட்டேன், பில் முத்திரை அளவில் வந்தது.

இதைக் கடைக் கணினியிலும் செய்யுங்கள், சேர்வரிலும் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே அளவு. ஒன்றில் மட்டும் செய்துவிட்டு இன்னொன்றை விடுவதுதான் இந்தப் படியில் எல்லாரும் விடும் பிழை. அப்புறம் பிரின்டர் பிரிஃபரன்சஸிலும் கணக்கு மென்பொருளின் பக்க அமைப்பிலும் அந்தப் பெயரைத் தெரியுங்கள். தாள் ஊட்டும் முறை டிரக்டர் (துளைப்பட்டையைப் பல்லால் பிடித்து இழுப்பது) என்று இருக்க வேண்டும். பக்கவாட்டு நெம்புகோலையும் அதற்கேற்பத் தள்ளிவையுங்கள்.

சோதிக்கும்போது வெற்று ஒற்றைத் தொடர்தாள் போட்டுச் சோதியுங்கள். நான் மூன்று பிரதித் தாளிலேயே சோதித்து ஒரு பெட்டியில் பாதியைத் தீர்த்தேன். இப்போது அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் கடையில் விலை எழுதுகிறோம்.

7. பெயரில் உள்ள எண்

ரீடைரக்டட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது என்றேன் அல்லவா? அது செஷன் எண், நீங்கள் உள்ளே நுழையும்போது சேர்வர் கொடுப்பது. இன்று 2, நாளை 5. கணக்கு மென்பொருளில் "இந்தப் பெயருள்ள பிரின்டருக்கு அனுப்பு" என்று கட்டிப்போட்டால் நாளைக் காலையில் அந்தப் பெயரே இருக்காது. ஆகவே மென்பொருளில் டிஃபோல்ட் பிரின்டர் என்பதையே தெரியுங்கள். கடைக் கணினியின் டிஃபோல்ட், சேர்வருக்குள்ளும் டிஃபோல்ட் ஆக வரும். இரண்டாம் படியில் அதைப் பிடிவாதமாகச் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

பட்டியலில் ஒன்நோட், ஃபெக்ஸ் என்று தேவையில்லாதவை குவிந்தால் "ரீடைரக்ட் ஒன்லி த டிஃபோல்ட் கிளையன்ட் பிரின்டர்" பொலிசியை எனேபிள் செய்யுங்கள். ஒன்று மட்டும் வரும். உள்ளே நுழையும் நேரமும் குறையும்.

8. பில்லில் அச்சாகும் திகதி

இது பிரின்டர் பிரச்சினையல்ல, ஆனால் தாளில்தான் தெரியவரும். சேர்வர் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தால் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடும். இரவு 9.30 தாண்டினால் பில்லில் நாளைய திகதி விழும். மார்ச் 31 இரவு உட்கார்ந்து வருடக் கணக்கை முடிப்பவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். சில கிளவுட் சேர்வர்கள் கிரீன்விச் நேரத்திலேயே வரும். அதில் அதிகாலை 5.30க்கு முன் அடிக்கும் பில் நேற்றைய திகதியைச் சுமக்கும், புறக்கோட்டையில் அந்த நேரத்துக்கே லொறி வந்துவிடும். சேர்வரின் நேர வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர என்று மாற்றுங்கள். விண்டோஸ் பட்டியலில் நம்முடைய 5.30 அந்தப் பெயரில்தான் இருக்கிறது, கொழும்பு என்று தேடினால் கிடைக்காது.

9. சிக்கிய பில், இரட்டித்த பில்

பில் வரவில்லை என்றால் காசாளர் செய்யும் முதல் காரியம் திரும்பவும் அழுத்துவது. அன்று தாள் டிரக்டரின் பல்லிலிருந்து கழன்றிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, அக்கா அதைக் கவனிக்காமல் ஆறு முறை அழுத்திவிட்டார். தாளைச் சரிசெய்த கையோடு ஒரே இலக்கத்தில் வரி இன்வொய்ஸ் (வாட் வரிக்கான பில்) ஆறு வந்து விழுந்தன. வாட் பதிவுள்ள கடைக்கு இது விளையாட்டல்ல. வரி இன்வொய்ஸ் ஒன்றுக்கு ஒரு மூலப்பிரதிதான் வெளியே போக வேண்டும். இரண்டாம் முறை அடிக்கும்போது "பிரதி" என்று தானாக விழும்படி பல கணக்கு மென்பொருட்களில் வைக்கலாம். வைத்துவிடுங்கள். வைக்க முடியாவிட்டால், மிஞ்சியவற்றைக் குறுக்கே கோடிட்டு ஃபைலில் போடுங்கள், குப்பைக்கூடையில் அல்ல.

"விளக்கைப் பார், தாளைப் பார், பிறகு ஒருமுறை மட்டும் அழுத்து" என்று எழுதிப் பிரின்டரில் ஒட்டியிருக்கிறேன். அக்காவுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

வரிசை உண்மையாகவே சிக்கினால், முதலில் கடைக் கணினியின் சேர்விசஸில் பிரின்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேர்வரில் உள்ளதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதை நிறுத்தினால் வத்தளையில் அச்சாகிக்கொண்டிருப்பதும் நிற்கும்.

கரண்ட் போய் வந்த பிறகு பிரின்டர் காணாமல் போவது வழக்கம். கணினி அணைந்தாலும் சேர்வரில் உங்கள் செஷன் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். திரும்ப உள்ளே போய், மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தாமல், முறையாகச் சைன் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். பத்தில் எட்டு தடவை அதோடு சரியாகிவிடும். ரவுட்டருக்கும் கணினிக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று போடுங்கள். பிரின்டரை, அதுவும் லேசரை, அதில் மாட்டாதீர்கள். லேசர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

10. நெட்வேர்க் பிரின்டருக்கு நேரடி வழி

களஞ்சியத்தில் ஆளில்லாத நேரத்திலும் சேர்வர் தானாக அச்சடிக்க வேண்டும் என்றால், மேலே சொன்ன முறை போதாது. அதற்கு யாராவது உள்நுழைந்திருக்க வேண்டும். அப்போது சேர்வருக்கும் கடைக்கும் நடுவே விபிஎன் (இணையத்துக்குள் நமக்கு மட்டுமான பூட்டிய பாதை) போட்டு, பிரின்டரின் ஐபிக்கு நேராக அனுப்பலாம். பெரும்பாலான நெட்வேர்க் பிரின்டர்கள் 9100 என்ற போர்ட்டில் (இணைப்பு நுழையும் வாசலின் எண்) காதைத் திறந்து வைத்திருக்கும்.

அந்த 9100ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். "ரெண்டு நிமிச வேலை" என்று ஒருவர் சொன்னார். திறந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் தாளில் அடிக்கலாம். சேர்வரின் ரிமோட் டெஸ்க்டொப் போர்ட் 3389க்கும் இதே விதிதான், அதையும் விபிஎன்னுக்குள் வையுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் ரோபோக்கள் அதைத்தான் இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கின்றன.

4ஜி ரவுட்டர் பாவிப்பவர்களுக்குப் பொதுவாகத் தனி பொது ஐபி கிடைப்பதில்லை. ஆகவே சேர்வரிலிருந்து கடையைக் கூப்பிட முடியாது. கடையிலிருந்து சேர்வரைக் கூப்பிடும்படி விபிஎன்னை அமையுங்கள், வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளில் அது எளிது. பிரின்டரின் ஐபி மாறாமல் இருக்க, ரவுட்டரில் அதற்கு ஓர் எண்ணை ஒதுக்கி வையுங்கள்.

11. செலவும் நாளும்

யூபிஎஸ்ஸைத் தவிர, ஒன்று முதல் ஒன்பது வரையான படிகளுக்குப் பணம் தேவையில்லை, தாளும் பொறுமையும்தான். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அரை நாள். தனியாகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள், கடை பூட்டியிருக்கும்போது செய்வது மனதுக்கு நல்லது. விபிஎன்னுக்கு இன்னொரு நாள்.

பணம் போகும் இடம் லைசன்ஸ். விண்டோஸ் சேர்வரில் நிர்வாக வேலைக்காக ஒரே நேரத்தில் இருவர் நுழையலாம். தினசரி வேலைக்குப் பலர் நுழைய, செஷன் ஹோஸ்ட் என்ற பகுதியைப் பொருத்தி, ஆளுக்கோ கணினிக்கோ ஒன்றாக ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டொப் சேர்விசஸ்) லைசன்ஸ் வாங்க வேண்டும். வாங்காமலே 120 நாள் ஓடும். இதுதான் பொறி. பொருத்தியவர் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். எல்லாம் நன்றாக ஓடும். நாலு மாதம் கழித்து ஒரு காலை யாராலும் உள்ளே போக முடியாது. பொருத்திய திகதியை நாட்காட்டியில் குறித்து, 120 நாளுக்கு முன் லைசன்ஸ் ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.

விலை கேட்கும்போது வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுத்தில் வாங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். கடைசி நேரத்தில் சேர்ந்தால் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. ரிமோட் அச்சுக்கென்றே பணம் கொடுத்து வாங்கும் மென்பொருட்களும் இருக்கின்றன. பத்து இருபது பிரின்டர், பல கிளைகள் என்றால் யோசிக்கலாம். ஒரு கடை, ஒரு களஞ்சியத்துக்கு நான் வாங்க மாட்டேன்.

12. ஒன்றும் வேலை செய்யாத காலையில்

லொறி நிற்கிறது, பிரின்டர் பட்டியலில் இல்லை. ஆராய்ச்சி செய்ய நேரமில்லை. சேர்வரில் மைக்ரோசொஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப் என்பதைத் தெரிந்து பில்லை அடியுங்கள், விண்டோஸ் சேர்வர் 2016இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் அது இருக்கும். எங்கே சேமிப்பது என்று கேட்கும்போது, திஸ் பிசிக்குள் கடைக் கணினியின் டிரைவ் தெரியும், மூன்றாம் படியில் டிரைவ்ஸுக்குப் போட்ட அடையாளம் இதற்குத்தான். அதில் உங்கள் டெஸ்க்டொப் கோப்புறைக்குப் போய்ச் சேமியுங்கள். நேரே சி டிரைவின் வாசலில் சேமிக்கப் போனால் அனுமதியில்லை என்று மறுக்கும். பிறகு ரிமோட் திரையைச் சிறிதாக்கி, கடைக் கணினியில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து அடியுங்கள். அடிக்கும்போது ஃபிட் என்பதை விட்டுவிட்டு அக்சுவல் சைஸைத் தெரியுங்கள், இல்லாவிட்டால் மொத்தத் தொகை மறுபடியும் துளைக்கோட்டின் மேல் வந்து உட்காரும்.